கிளாரா கம்போவமோர் அம்மையார்: தம் பக்கத்தாருக்கு எதிராக நின்ற நியாயவாதி

என் பாட்டியார் அதிகம் கற்றவர் அல்லர். அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பாரே தவிர, நாலு வரி தாமாக எழுத அறியார். எனினும் 1934ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களிக்கச் சென்ற வரலாற்றை அவர் முதுமையிலும் மறவாது சொல்லுவார். கோயிலுக்கென்று பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு, அயல் வீட்டுப் பெண்கள் நால்வருடன் காலையிலேயே புறப்பட்டாராம். டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 1931 ஜூன் மாதத்தில் நடைபெற்ற முதலாவது அரசாங்க சபைத் தேர்தலிலேயே இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது. ஆயினும் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் முன்னின்று நடத்திய பகிஷ்கரிப்பினால் வடபகுதித் தொகுதிகள் நான்கிலே அவ்வாண்டு தேர்தல் நடைபெறவில்லை. ஆகவே பாட்டியாருக்கு அந்த வாய்ப்பு மூன்று ஆண்டுகள் பிந்தியே கிட்டியது.

இலங்கைப் பெண்கள் வாக்களித்த அதே 1931ஆம் ஆண்டிலே, ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்பெயின் தேசத்தில், அந்த உரிமைக்காக ஒரு பெண்மணி பாராளுமன்றத்திலே தனித்து நின்று வாதாடினார். வென்றார், அந்த வெற்றிக்காகத் தம் அரசியல் வாழ்வையும் பின்னர் தம் நாட்டையும் இழந்தார். அவர் பெயர் கிளாரா கம்போவமோர்.

நான் பல ஆண்டுகள் உயர்தர வகுப்பிலே சரித்திரம் படிப்பித்தவன். ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்திய ஒரு நாள், மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினாவை எழுப்பினாள். பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியதனால் குடியரசின் எதிரிகளே பயனடைந்தார்கள் என்றால், அதனைச் சில ஆண்டுகள் தாமதித்து வழங்கியிருப்பதல்லவா புத்தி என்று அவள் கேட்டாள். அன்று நான் அவள் கூற்றை ஆமோதித்தேன். காலமறிந்து செய்வதே அரசியல் என்று விளக்கமும் கூறினேன். வீடு சென்ற பின்னர் அந்த விடை என் மனத்தை உறுத்தத் தொடங்கியது. அம்மையாரின் வரலாற்றை நான் ஆழ்ந்து படிக்க நேர்ந்தது அதன் பின்னரே. இக்கட்டுரை அந்த மாணவிக்கு நான் பிந்திச் சொல்லும் விடையென்று கொண்டாலும் பொருந்தும்.

கிளாரா 1888ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி மாட்ரிட் நகரத்திலே, உழைத்து உண்ணும் எளிய குடும்பமொன்றிலே பிறந்தார். தந்தையார் ஒரு பத்திரிகைக் கந்தோரிலே கணக்கெழுதியவர். தாயார் தையல் வேலை செய்தவர். கிளாரா சிறுமியாயிருந்தபோதே தந்தையார் காலமாகிவிட, குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தினார். தாயாருக்குத் துணையாக ஊசியெடுத்தார். கடையிலே விற்பனைப் பெண்ணாக நின்றார். 1909இல் தபால் தந்திச் சேவைப் பரீட்சையில் தேறிச் சரகோசாவிலும், பின்னர் வடகடற்கரை நகரமான சான் செபஸ்தியானிலும் கடமையாற்றினார். 1914இல் அரசாங்கப் போட்டிப் பரீட்சையொன்றிலே சித்தியடைந்து, மாட்ரிட் நகரில் வளர்ந்தோருக்கான பாடசாலைகளிலே தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்பிக்கும் ஆசிரியையானார். அக்காலத்திலேயே ஒரு பத்திரிகையில் செயலாளராகவும் பணிபுரிந்தார்.

முப்பது வயதைக் கடந்த பின்னரே அவர் மீண்டும் பாடநூல்களைக் கையிலெடுத்தார். பகலெல்லாம் உழைத்து, எஞ்சிய நேரத்திலே படித்து, விட்ட இடத்திலிருந்து இடைநிலைக் கல்வியை முடித்தார். அதன் மேல் சட்டம் பயின்று 1924ஆம் ஆண்டின் இறுதியில், தமது முப்பத்தாறாம் வயதில், பட்டம் பெற்றார். மறு ஆண்டிலே மாட்ரிட் நியாயவாதிகள் கழகத்திலே பதிவு செய்துகொண்டார். அக்கழகத்தின் அங்கத்துவம் பெற்ற இரண்டாவது பெண் அவரே. முதலாமவர் அவருக்குச் சில வாரங்களே முந்திய விக்டோரியா கென்ற். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்து ஸ்பானியச் சட்டத்திலே மணமான பெண்ணின் நிலை இரங்கத்தக்கது. கணவன் சொற்படி நடக்க அவள் சட்டத்தாலேயே கடமைப்பட்டிருந்தாள். அவன் அனுமதியின்றித் தன் பொருளை விற்கவோ வழக்குத் தொடரவோ அவளால் இயலாது. விவாகரத்து என்பதே கிடையாது. இத்தகைய சட்டத்தைக் கையிலேந்தி, அதனால் நலிந்த பெண்களுக்காக வழக்காடப் புகுந்தவர் கிளாரா. நீதிமன்றத்திலே ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே வெல்வதால் மட்டும் பெண்ணின் துயர் தீராது. சட்டம் பிறக்கும் இடத்துக்கே போகவேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியதில் வியப்பில்லை.

1930 டிசெம்பரிலே முடியாட்சிக்கு எதிராக ஹாக்கா நகரத்தில் ஒரு கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. அதன் தொடர்பாகச் சான் செபஸ்தியானிலே கைதானவர்களுள் அவருடைய சகோதரரும் ஒருவர். அவர்களுக்காக வாதாடும் பொறுப்பைக் கிளாரா ஏற்றார். 1931 ஏப்ரல் 14ஆம் திகதி மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ நாட்டைவிட்டு நீங்க, குடியரசு பிரகடனம் செய்யப்பட்ட நாளிலே அவர் அந்நகரிலேயே இருந்தார். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் உதயமான அந்தக் குடியரசின் மீது அவர் கொண்ட பற்று இறுதிவரை குறையவில்லை.

புதிய அரசாங்கம் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டத் தேர்தல் நடத்தியது. அதிலே ஒரு வேடிக்கையான விதி இருந்தது. பெண்கள் வேட்பாளராக நிற்கலாம், வாக்களிக்க முடியாது. இவ்வாறாக, ஆண்களின் வாக்குகளாலே 470 ஆசனங்கள் கொண்ட சபைக்குத் தொடக்கத்தில் தெரிவான பெண்கள் இருவரே. றடிக்கல் கட்சியின் சார்பில் கிளாரா கம்போவமோர். றடிக்கல் சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் விக்டோரியா கென்ற். இருவரும் நியாயவாதிகள், இருவரும் குடியரசுவாதிகள்.

அரசியல் திட்டத்தை வரைவதற்கு நியமிக்கப்பட்ட 21 பேர் கொண்ட குழுவிலே இடம்பெற்ற ஒரே பெண் கிளாரா. பால் வேற்றுமையால் சட்டத்திலே எவருக்கும் தாழ்வு இருத்தலாகாது. மண உறவுக்குள் பிறந்த பிள்ளைக்கும் புறத்தே பிறந்த பிள்ளைக்கும் பெற்றோரின் கடமை ஒன்றே. விவாகரத்துக்கு இடமளிக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை ஒன்றாயிருக்க வேண்டும். இவை அவர் அங்கே முன்வைத்த கோரிக்கைகள். முதல் மூன்றும் பெரும்பாலும் அவர் விரும்பியவாறே அமைந்தன. நான்காவதற்கோ சபையிலே போர் நிகழ்ந்தது. 1931 செப்ரெம்பர் 1ஆம் திகதி அவர் பேச எழுந்தபோது, ஸ்பானியப் பாராளுமன்றத்திலே ஒரு பெண்ணின் குரல் முதன்முறையாக ஒலித்தது.

எதிர்த்தவர்கள் எவர் என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான செய்தி. பழைமைவாதிகள் எதிர்த்திருந்தால் அதில் புதுமை யாதுமில்லை. இங்கேயோ முற்போக்காளரென்று பெயர் பெற்ற குடியரசுக் கட்சியினரே முன்னின்று எதிர்த்தனர். கிளாராவின் சொந்தக் கட்சியும் அவர் பக்கம் நிற்கவில்லை. மருத்துவப் பேராசிரியரொருவர் பெண்ணின் இயல்பே உணர்ச்சிவசப்படுவது என்று உடற்கூற்றைச் சான்று காட்டினார். வேறொரு பிரதிநிதி ஆணுக்கு இருபத்துமூன்று வயதிலும் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிலும் வாக்குரிமை வழங்கலாம் என்று பிரேரித்தார், சபை சிரித்தது. இவை எளிதில் உதிர்ந்துவிடும் வாதங்கள்.

உதிராத வாதமும் ஒன்று இருந்தது. ஸ்பெயினிலே பெண்களிடம் கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்கு மிகுதி. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே குருவானவர் சொல்லும் பெயருக்கே அவர்கள் வாக்களிப்பார்கள். ஆறு மாதம்கூட நிரம்பாத குடியரசு அவ்வாக்குகளினாலேயே மாண்டுபோகும் என்று பலர் உண்மையாகவே அஞ்சினர். 1931 அக்டோபர் 1ஆம் திகதி அந்த அச்சத்துக்குக் குரல் கொடுத்தவர் விக்டோரியா கென்ற். பெண்ணினத்தின் ஆற்றலை அவர் குறைத்துக் கூறவில்லை. பெண்கள் சில ஆண்டுகள் குடியரசின் நன்மைகளைக் கண்டறியட்டும். தம் பிள்ளைகள் அதன் பாடசாலைகளிலே கற்பதைப் பார்க்கட்டும். பின்னர் வாக்குரிமை வழங்கலாம் என்பதே அவர் நிலை. சபையிலிருந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றதைப் பத்திரிகைகள் கேலி செய்து மகிழ்ந்தன. எனக்கு அதில் நகைப்புக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. தமக்குப் பிரியமான ஒன்றைக் காப்பதற்காகத் தம் இனத்தின் உரிமையைப் பின்போடத் துணிந்தார் ஒருவர். அந்த உரிமையை மறுத்த பின் காப்பதற்கு என்ன எஞ்சும் என்று கேட்டார் மற்றவர்.

கிளாராவின் வாதம் எளிமையானது. பெண் வரி செலுத்துகிறாள், உழைக்கிறாள், சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறாள், அது தவறினால் ஆணைப் போலவே தண்டனையும் பெறுகிறாள். சட்டம் இயற்றுவோரைத் தெரிவு செய்யும் வேளையில் மட்டும் அவளை அயலாளாக நடத்துவது எந்த நியாயம்? கல்வி போதாது என்பாருக்குப் புள்ளிவிபரங்களை எடுத்துக் காட்டி, எழுத்தறியாமையைக் குறைப்பதிலே பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கவில்லை என்று நிறுவினார். நீந்தப் பழகிய பின்னரே குளத்தில் இறங்கலாம் என்று தடுத்தால் எவரும் எக்காலத்திலும் நீந்தப் போவதில்லை; தாமதிப்போரின் வாதமும் அத்தகையதே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் எப்படி வாக்களிப்பார் என்று கணித்துப் பார்த்து வாக்குரிமையைக் கொடுப்பதும் மறுப்பதும் குடியரசின் அடிப்படைக்கே முரண் என்று அவர் வாதித்தார்.

வாக்கெடுப்பிலே 161 பேர் ஆதரித்தனர். 121 பேர் எதிர்த்தனர். ஏனையோர் சபையில் இல்லை, அல்லது வாக்களிக்கவில்லை. சோஷலிஸ்டுகளிற் பெரும்பாலோரும், வலதுசாரிகளும், சில சிறு கட்சியினரும் ஆதரித்தமையாலேயே பிரேரணை நிறைவேறியது. வலதுசாரிகள் தம் இலாபத்தைக் கருதியே கையுயர்த்தினர் என்பதைக் கிளாரா அறியாதவர் அல்லர். போராட்டம் அத்துடன் முடியவுமில்லை. டிசெம்பர் 1ஆம் திகதி, பெண்களின் வாக்கைப் பொதுத் தேர்தல்களில் பின்போடுவதற்கான திருத்தப் பிரேரணையொன்று கொண்டுவரப்பட்டது. அது 127க்கு 131 என்ற கணக்கிலே தோற்றது. நான்கே நான்கு வாக்குகள்! 1931 டிசெம்பர் 9ஆம் திகதி அரசியல் திட்டம் நிறைவேறியது. இருபத்துமூன்று வயது கடந்த பிரசைகள் அனைவருக்கும், ஆண் பெண் பேதமின்றி, ஒரே தேர்தல் உரிமையை அதன் 36ஆம் உறுப்புரை உறுதி செய்தது.

வாக்குரிமையொன்றே அவருடைய சட்டமன்றப் பணி என்று எண்ணிவிடலாகாது. 1932 மார்ச் மாதத்திலே ஸ்பெயின் பெற்ற விவாகரத்துச் சட்டத்தின் பின்னணியிலே அவர் உழைப்பு இருந்தது. அச்சட்டம் வந்த பின்னர், பெயர் பெற்ற நாவலாசிரியை கொஞ்சா எஸ்பினா உட்படப் பல பெண்களுக்காக நீதிமன்றத்திலே வழக்காடினார். அரசாங்க அங்கீகாரத்துடன் நடைபெற்ற விபசாரத் தொழிலை ஒழிக்க வேண்டுமென்று சபையிலே வலியுறுத்தினார். சர்வதேச சங்கத்தின் கூட்டத்திலே ஸ்பெயினின் பிரதிநிதிகளுள் ஒருவராகவும் அமர்ந்தார்.

பின்னர் 1933 நவம்பர் 19 வந்தது. பெண்கள் வாக்களித்த முதலாவது பொதுத் தேர்தலில் வலதுசாரிகள் பெருவெற்றி ஈட்டினர். கிளாராவும் தம் ஆசனத்தை இழந்தார். விக்டோரியா கென்ற்றும் இழந்தார். உடனே பழி முழுவதும் ஒரு பெண்ணின் தலையிலே சுமத்தப்பட்டது. இடதுசாரிகள் தம்முள் பிளவுண்டு தனித்தனியே நின்றதையோ, கூட்டணிகளுக்கே சாதகமான தேர்தற் சட்டத்தைத் தாமே இயற்றியதையோ, அராஜகவாதத் தொழிற்சங்கத்தினர் வாக்களிப்பைப் பகிஷ்கரித்ததையோ எவரும் பேசவில்லை. இத்தனைக்கும் விடை 1936 பெப்ரவரியிலே கிடைத்தது. அதே பெண்கள் வாக்களித்த தேர்தலிலே, ஒன்றுபட்டு நின்ற இடதுசாரி மக்கள் முன்னணி வெற்றி பெற்றது. அன்று எவரும் முன்வந்து கிளாராவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இடைக்காலத்திலே அவர் பொதுநல உதவித் திணைக்களத்தின் பணிப்பாளராகச் சிறிது காலம் கடமையாற்றினார். 1934 அக்டோபரிலே அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளரின் எழுச்சியை அரசாங்கம் கொடூரமாக அடக்கியது. அந்த அரசாங்கத்திலே பங்குகொண்டிருந்த தம் கட்சியிலே தொடர்ந்திருக்க அவர் மனம் இடந்தரவில்லை, விலகினார். இடது குடியரசுக் கட்சியிலே சேர விண்ணப்பித்தபோது, அங்கத்தவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, 68க்கு எதிராக 183 வாக்குகளால் அவரை நிராகரித்தனர். வாக்குரிமையை வென்று கொடுத்தவரை வாக்கினாலேயே வாயிலில் நிறுத்திவிட்டார்கள். 1936இல் அவர் எழுதி வெளியிட்ட நூலிலே, பெண்களின் வாக்கைத் தம்முடைய சாவான பாவம் என்று தலைப்பிலேயே கசப்போடு குறித்தார்.

அவ்வாண்டு ஜூலையில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. இரு திறத்தாரின் கொலைவெறியையும் கண்டு அஞ்சிய கிளாரா, முதிய தாயாரையும் அழைத்துக்கொண்டு சுவிற்சர்லாந்திலுள்ள லோசான் நகரை அடைந்தார். அங்கே அவருக்கு அடைக்கலம் தந்தவர் அன்ற்வானெற் கின்ஷ் என்னும் பெண் நியாயவாதி. 1938இலிருந்து ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸிலே மொழிபெயர்த்தும் வாழ்க்கை வரலாறுகள் எழுதியும் சீவனம் நடத்தினார். நாடு திரும்பப் பலமுறை முயன்றார். பிராங்கோவின் ஆட்சியோ அவர் முன்பு பிறீமேசன் சங்கத்திலே சேர்ந்திருந்ததைக் குற்றமாகக் காட்டியது. தோழர்களின் பெயர்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அல்லது பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டும். அவர் காட்டிக் கொடுக்கவில்லை. ஆகவே நாட்டையும் காணவில்லை.

1955இல் மீண்டும் லோசானுக்கு வந்து, கண்ணொளி மங்கும் வரை தோழியின் சட்டக் கந்தோரிலே வேலை செய்தார். விதியின் விளையாட்டென்று சொல்லத்தக்க செய்தியொன்று இங்கே உண்டு. அவர் வந்து சேர்ந்தபோது சுவிற்சர்லாந்திலே பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. லோசான் அமைந்துள்ள வோ மாநிலம் 1959இலேதான் அதனை வழங்கியது. கூட்டாட்சி முழுவதற்கும் அது 1971 பெப்ரவரியிலேயே கிட்டியது. அதற்காக உழைத்த முன்னணியினருள் ஒருவர் அவருடைய தோழி கின்ஷ். அடுத்த ஆண்டு, 1972 ஏப்ரல் 30ஆம் திகதி, கிளாரா தமது எண்பத்துநான்காம் வயதிலே கண்மூடினார். அவர் விருப்பப்படியே அஸ்தி சான் செபஸ்தியான் நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவரால் உயிருடன் மிதிக்க இயலாத மண்ணை அவர் சாம்பல் அடைந்தது.

1975இல் பிராங்கோ இறந்தார். 1977 ஜூன் 15ஆம் திகதி ஸ்பானியப் பெண்கள் சுதந்திரமான பொதுத் தேர்தலொன்றிலே மறுபடியும் வாக்களித்தனர். இம்முறை அவர்களுக்கு அவ்வுரிமை வேண்டுமா என்று எவரும் விவாதிக்கவில்லை. அந்த விவாதம் 1931லேயே முடிந்துவிட்டதன்றோ! இன்று ஸ்பானியப் பாராளுமன்றத்திலே அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. மாட்ரிட்டின் பெரும் புகையிரத நிலையமொன்று அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

விக்டோரியா கென்ற்றைப் பழிப்பது என் நோக்கமன்று. அவரும் பிறநாட்டிலே நெடுங்காலம் வாழ்ந்து 1987இல் நியூயோர்க்கிலே மறைந்தார். குடியரசு அழியுமென்று அவர் அஞ்சியது வீணான அச்சமும் அன்று, அது அழிந்தது. ஆனால் அதனை அழித்தது பெண்களின் வாக்கன்று. வாக்கை மதியாதவர்களின் படை. என் மாணவிக்கு அன்று நான் சொல்லத் தவறியது இதுவே. காலமறிந்து கருமம் செய்தல் நல்லறிவுதான். ஆயினும் பிறருடைய உரிமையைத் தன் கையிலே பூட்டி வைத்துக்கொண்டு, அவர்கள் நம் விருப்பப்படி வாக்களிக்கப் பழகட்டும் என்று காத்திருப்பவன், அந்தக் காலம் வந்தாலும் பூட்டைத் திறக்கமாட்டான். அப்பொழுது அவனுக்கு வேறொரு காரணம் கிடைக்கும்.

இலங்கையிலும் எழுத்தறியாத ஏழைகளுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை எதற்கு என்று கேட்ட பெரியோர் அக்காலத்திலே பலர் இருந்தனர். அவர்கள் சொல் அன்று எடுபட்டிருந்தால் என் பாட்டியாரின் கோயிற் சேலை அன்று பெட்டியிலேயே கிடந்திருக்கும். அவர் அன்று எவருக்கு வாக்களித்தார் என்று நாங்கள் பேரப்பிள்ளைகள் பலமுறை நச்சரித்துக் கேட்டதுண்டு. அது தம்முடைய காரியம் என்று சொல்லி வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இறுதிவரை அவர் சொல்லவேயில்லை.